கருவைச் சுமந்த உடல் சிறுநீரகத்தை மறுப்பது ஏன்?

சிறுநீரகம் செயலிழந்த ஒரு தாய்க்கு, அவர் பெற்ற மகனோ மகளோ தம் சிறுநீரகங்களில் ஒன்றைத் தர முன்வருவது உறுப்பு மாற்று சிகிச்சைப் பிரிவுகளில் புதிதல்ல. இரத்தப் பிரிவு பொருந்துகிறது, பிள்ளையின் உடல்நலத்தில் குறையில்லை, மரபணு வழியிலும் தாய்க்கும் பிள்ளைக்கும் சரிபாதி ஒத்துப்போகிறது. ஆனாலும் கடைசிக் கட்டத்தில் செய்யப்படும் கிராஸ்மேட்ச் பரிசோதனை பாசிட்டிவ் என்று வந்து, அந்தக் கொடை அங்கேயே நின்றுபோவது உண்டு. பிள்ளையின் செல்களைத் தாக்கக்கூடிய எதிர்ப்பொருள்கள் தாயின் இரத்தத்தில் ஏற்கெனவே இருக்கின்றன என்பதே அந்த முடிவின் பொருள். அவை எப்போது உருவாயின என்று தேடிப் போனால், பல சமயங்களில் அந்தப் பிள்ளையையே சுமந்த கர்ப்பத்தில் போய் நிற்கும். பத்து மாதம் வயிற்றில் வைத்து வளர்த்தபோது எந்தத் தீங்கும் செய்யாத நோய் எதிர்ப்பு மண்டலம், அதே பிள்ளையின் ஓர் உறுப்பு பல ஆண்டுகள் கழித்து வரும்போது அதை எதிரியாக நடத்துவது எப்படி? உறுப்பு மாற்று மருத்துவமும் மகப்பேறு மருத்துவமும் எழுபது ஆண்டுகளாக இரண்டு பக்கத்திலிருந்தும் அணுகிவரும் கேள்வி இது; அண்மைக் காலத்தில்தான் அதற்குத் தெளிவான ஒரு விடை உருவாகி வருகிறது.

கிராஸ்மேட்ச் அடிப்படையில் எளிய பரிசோதனை. கொடையாளரின் இரத்தத்திலிருந்து லிம்போசைட் என்னும் வெள்ளணுக்களைப் பிரித்தெடுத்து, அவற்றோடு பெறுநரின் சீரத்தை (செல்கள் நீங்கிய, தெளிந்த இரத்த நீரை) கலந்து சிறிது நேரம் வைக்கிறார்கள். பிறகு முயலின் சீரத்திலிருந்து பெறப்படும் காம்ப்ளிமென்ட் புரதங்களையும், அடுத்து ஒரு சாயத்தையும் சேர்க்கிறார்கள். சீரத்தில் எதிர்ப்பொருள் இருந்தால் அது செல்லின் மேற்பரப்பில் ஒட்டிக்கொள்ளும். அப்படி ஒட்டிய இடத்தில் காம்ப்ளிமென்ட் புரதங்கள் செல்லின் சவ்வைத் துளைக்கும். துளை வழியே சாயம் உள்ளே புகும். நுண்ணோக்கியில் சாயமேறிய செல்கள் ஏராளமாகத் தெரிந்தால், அந்த உறுப்பைப் பொருத்துவது ஆபத்து. எவ்வளவு ஆபத்து என்பதை 1969-இல் பட்டேல், டெரசாகி இருவரும் வெளியிட்ட ஆய்வு காட்டியது: பரிசோதனை பாசிட்டிவாக இருந்தும் சிறுநீரகம் பொருத்தப்பட்ட 30 பேரில் 24 பேருக்கு அது உடனடியாகச் செயலிழந்தது, நெகட்டிவாக இருந்த 195 பேரில் அப்படி ஆனது 8 பேருக்கு மட்டுமே. இன்று இதைவிட நுட்பமான ஃப்ளோ சைட்டோமெட்ரியும், தனித்தனிப் புரதங்கள் பூசிய மணிகளைக் கொண்டு எதிர்ப்பொருளை இனம்காணும் முறையும் வந்துவிட்டன. ஆனால் கேட்கப்படும் கேள்வி மாறவில்லை.

அந்த எதிர்ப்பொருள்கள் குறிவைப்பது எச்.எல்.ஏ. என்னும் புரதங்களை. ஆறாவது குரோமோசோமில் உள்ள மரபணுக்கள் இவற்றை உருவாக்குகின்றன. மனிதருக்கு மனிதர் மிக அதிகமாக வேறுபடும் மரபணுக்களில் இவை முதலிடத்தில் இருப்பவை. உடலின் ஏறத்தாழ எல்லாச் செல்களின் மேலும் இருந்துகொண்டு, உள்ளே என்ன நடக்கிறது என்பதை டி செல்கள் என்னும் எதிர்ப்பு வெள்ளணுக்களுக்குக் காட்டுவது இவற்றின் வேலை. மாற்று உறுப்பு அன்னியமானது என்று அடையாளம் காணப்படுவதற்கும் முதற்காரணம் இவையே. ஒரு குழந்தை இவற்றில் பாதியைத் தாயிடமிருந்தும் பாதியைத் தந்தையிடமிருந்தும் பெறுகிறது. ஆகவே கருவில் இருக்கும் சிசுவும் தாயின் உடலுக்குப் பாதி அன்னியம்.

இந்த எச்.எல்.ஏ. அறிவியலே பிள்ளை பெற்ற பெண்களின் இரத்தத்திலிருந்துதான் வளர்ந்தது. 1958-இல் பாரிஸில் ஜீன் டோசே, பலமுறை இரத்தம் ஏற்றப்பட்டவர்களின் சீரத்தில் வெள்ளணுக்களைத் திரளச் செய்யும் எதிர்ப்பொருளைக் கண்டார். அதே ஆண்டில் நெதர்லாந்தில் ஜான் வான் ரூட், அமெரிக்காவில் ரோஸ் பெய்ன் ஆகியோர், இரத்தமே ஏற்றப்படாத, ஆனால் கருவுற்றிருந்த பெண்களின் சீரத்திலும் அத்தகைய எதிர்ப்பொருள் இருப்பதைத் தனித்தனியே கண்டறிந்தார்கள். அதன்பின் பல பத்தாண்டுகளுக்கு உலகெங்கும் எச்.எல்.ஏ. வகை பார்க்கும் ஆய்வகங்கள் நம்பியிருந்தது, பல பிள்ளைகளைப் பெற்ற தாய்மார்கள் தந்த சீரத்தைத்தான். யாருடைய உறுப்பு யாருக்குப் பொருந்தும் என்று சொல்லும் கருவியை அவர்கள் உடல் உருவாக்கித் தந்தது; அந்த எதிர்ப்பொருளின் காரணமாகவே தங்களுக்கென்று உறுப்பு தேவைப்படும்போது நெடுநாள் காத்திருக்க நேர்ந்தவர்களும் அவர்களைப் போன்ற தாய்மார்களே. இந்த அநீதியை உறுப்பு மாற்று வரலாற்றை எழுதுவோர் போதிய அளவு கவனிப்பதில்லை என்பது என் கருத்து.

எத்தனை பேருக்கு இப்படி நேர்கிறது? அமெரிக்காவில் இரத்தக் கொடையாளர்களிடம் நடத்தி 2009-இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்றில், கருவுறாத பெண்களில் 1.7 சதவீதத்தினருக்கே எச்.எல்.ஏ. எதிர்ப்பொருள் இருந்தது. ஒருமுறை கருவுற்றவர்களில் இது 11.2 சதவீதம், நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட முறை கருவுற்றவர்களில் 32.2 சதவீதம்.

மெடாவர் கேட்ட கேள்வி

கர்ப்பத்தையும் உறுப்பு மாற்றையும் ஒரே கேள்விக்குள் கொண்டுவந்தவர் பிரிட்டிஷ் உயிரியலாளர் பீட்டர் மெடாவர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கிளாஸ்கோவில் அறுவை மருத்துவர் தாமஸ் கிப்சனுடன் சேர்ந்து தீக்காயம்பட்டவர்களைக் கவனித்துவந்தபோது, பிறரிடமிருந்து எடுத்து ஒட்டிய தோல் சில நாட்களில் உதிர்வதையும், அதே கொடையாளரின் தோலை இரண்டாம் முறை ஒட்டினால் இன்னும் விரைவாக உதிர்வதையும் அவர் கண்டார். உடல் நினைவில் வைத்திருக்கிறது என்பதற்கு அதுவே சான்று. ஆகவே நிராகரிப்பு என்பது நோய் எதிர்ப்பு மண்டலத்தின் வேலை என்று 1943-இல் நிறுவினார்கள். அப்படியானால் பாதி அன்னியமான சிசு மட்டும் எப்படித் தப்புகிறது என்ற கேள்வி இயல்பாகவே எழ, 1953-இல் மெடாவர் அதற்கு மூன்று சாத்தியங்களை முன்வைத்தார். தாய்க்கும் சிசுவுக்கும் இடையே உடற்கூற்று ரீதியான தடுப்பு இருக்கலாம். சிசுவின் திசுக்கள் அன்னியம் என்று இனங்காண முடியாத அளவுக்கு முதிராமல் இருக்கலாம். அல்லது கர்ப்பகாலத்தில் தாயின் எதிர்ப்பாற்றலே மந்தமாகியிருக்கலாம்.

மூன்றும் அவர் சொன்ன வடிவில் நிற்கவில்லை. தாயின் செல்கள் சிசுவுக்குள்ளும் சிசுவின் செல்கள் தாய்க்குள்ளும் போய்வருகின்றன. 1996-இல் டயானா பியாங்கியின் குழு, ஆண் குழந்தையைப் பெற்ற ஒரு பெண்ணின் இரத்தத்தில் 27 ஆண்டுகளுக்குப் பிறகும் ஆண் குரோமோசோம் உள்ள செல்களைக் கண்டது. சிசுவின் திசு அன்னியமாகத் தெரியாமலும் இல்லை. தெரியாவிட்டால் எதிர்ப்பொருள் எப்படி உருவாகும்? தாயின் எதிர்ப்பாற்றல் மந்தமாவதும் இல்லை. கர்ப்பிணிகளுக்குக் கக்குவான் தடுப்பூசி போட்டால் அவர்கள் உடல் நன்றாகவே எதிர்ப்பொருளை உருவாக்கி, அதை நஞ்சுக்கொடி வழியே குழந்தைக்கும் அனுப்பிவிடுகிறது. கர்ப்பத்தில் எதிர்ப்புசக்தி அடங்கிவிடும் என்ற பரவலான எண்ணத்தை இந்த ஒரு செய்தியே தகர்த்துவிடும்.

மெடாவரின் விடைகள் தவறினாலும் அவர் போட்ட பாதை வீண்போகவில்லை. அதே 1953-இல் பில்லிங்காம், பிரெண்ட் ஆகியோருடன் அவர் செய்த எலிப் பரிசோதனை, பிறக்கும் முன்பே அன்னியச் செல்களைப் பழக்கப்படுத்திவிட்டால் பின்னாளில் அதே மரபின் தோலை உடல் ஏற்றுக்கொள்ளும் என்று காட்டியது. அந்த ஆராய்ச்சி வழியில் அவருக்கு 1960-இல் மெக்ஃபார்லேன் பர்னெட்டுடன் நோபல் பரிசு கிடைத்தது.

நஞ்சுக்கொடியின் எல்லையில்

தாயின் இரத்தத்தையும் திசுவையும் நேரடியாகத் தொட்டுக்கொண்டிருப்பது சிசு அல்ல, நஞ்சுக்கொடியின் வெளி அடுக்கான ட்ரோஃபோபிளாஸ்ட் செல்கள். மாற்று உறுப்பில் சண்டையைத் தூண்டும் முக்கியமான எச்.எல்.ஏ.-ஏ, எச்.எல்.ஏ.-பி, இரண்டாம் வகுப்பு எச்.எல்.ஏ. ஆகிய எவையும் இந்தச் செல்களின் மேல் இல்லை. அதற்கு மாறாக, கருப்பைச் சுவருக்குள் ஊடுருவிச் செல்லும் ட்ரோஃபோபிளாஸ்ட்டுகள் எச்.எல்.ஏ.-ஜி, எச்.எல்.ஏ.-இ, எச்.எல்.ஏ.-சி ஆகியவற்றை வெளிக்காட்டுகின்றன. முதல் இரண்டும் ஆளுக்கு ஆள் அதிகம் மாறுவதில்லை. எச்.எல்.ஏ.-சி மட்டும் மாறும். ஆகவே தந்தையின் முத்திரை தாயின் திசுவுக்குள் தெரியும் இடம் அது ஒன்றுதான்.

அந்த முத்திரையைப் படிப்பவை என்கே செல்கள், அதாவது ‘இயற்கைக் கொலையாளி’ என்று பெயர்பெற்ற வெள்ளணுக்கள். முதல் மூன்று மாதங்களில் கருப்பையின் உட்படலத்தில் உள்ள வெள்ளணுக்களில் ஏறத்தாழ 70 சதவீதம் இவையே என்பது முதன்முதலில் தெரியவந்தபோது, கொல்லும் செல்கள் கருவைச் சூழ்ந்து நிற்பதாக அச்சம் எழுந்தது. ஆனால் இவை இரத்தத்தில் உள்ள என்கே செல்களைப் போலக் கொல்லுவதில்லை. சிசுவுக்குப் போதிய இரத்தம் வர, கருப்பையின் குறுகிய சுருள் தமனிகள் அகன்ற குழாய்களாக மாற வேண்டும். ட்ரோஃபோபிளாஸ்ட் செல்கள் அந்தத் தமனிகளின் சுவரை உடைத்து மாற்றியமைக்கும்போது, அவை எவ்வளவு தூரம் ஊடுருவலாம் என்பதை நெறிப்படுத்துவதில் என்கே செல்களுக்குப் பங்கு உண்டு. கேம்பிரிட்ஜில் ஆஷ்லி மோஃபெட் குழுவினர் 2004-இல் வெளியிட்ட ஆய்வு இந்த இடத்தில் முக்கியமானது. தாயின் என்கே செல்களில் உள்ள கே.ஐ.ஆர். ஏற்பிகளுக்கும் சிசுவின் எச்.எல்.ஏ.-சி வகைக்கும் இடையே சில சேர்க்கைகள் என்கே செல்களை மிக வலுவாக அடக்கிவிடுகின்றன. அப்படி அடங்கிய கர்ப்பங்களில் பிரீஎக்ளாம்ப்சியா என்னும் கர்ப்பகால இரத்த அழுத்த நோய் அதிகமாகக் காணப்பட்டது.

உறுப்பு மாற்றில் எதிர்ப்பு மண்டலம் அடங்கினால் நல்லது. இங்கே அது அளவுக்கு மீறி அடங்கியதுதான் கேடு. கருவை ஒரு மாற்று உறுப்பாகப் பார்க்கும் ஒப்புமை தன் எல்லையை எட்டிவிடுவது இந்த இடத்தில்தான் என்று நான் கருதுகிறேன். தாயின் எதிர்ப்பு மண்டலத்தை கர்ப்பம் ஒதுக்கிவைப்பதில்லை. அதற்கு வேறு வேலை கொடுக்கிறது.

அதே சமயம் தாக்கவரும் டி செல்களுக்குப் பல அடுக்குத் தடைகளும் உண்டு. 1998-இல் டேவிட் மன், ஆண்ட்ரூ மெல்லர் குழுவினர், டிரிப்டோஃபன் என்னும் அமினோ அமிலத்தைச் சிதைக்கும் ஐ.டி.ஓ. நொதியை மருந்தால் முடக்கியபோது, அன்னிய மரபுடைய எலிக்கருக்கள் மட்டும் அழிந்தன, தாயோடு மரபொத்த கருக்கள் பிழைத்தன. டிரிப்டோஃபன் இல்லாமல் டி செல்கள் பெருக முடியாது என்பதே காரணம். 2012-இல் நியூயார்க்கில் ஏட்ரியன் எர்ல்பேக்கரின் குழு, கருப்பை உட்படலச் செல்களில் டி செல்களை அழைக்கும் கீமோகைன் மரபணுக்களே மூடிவைக்கப்படுகின்றன என்று எலிகளில் காட்டியது. ஆயத்தமான டி செல்கள் இருந்தாலும் அவை உள்ளே வந்து சேர்வதில்லை. இவற்றுக்கெல்லாம் மேலாக, மற்ற எதிர்ப்பு செல்களை அடக்கிவைக்கும் ஒழுங்குபடுத்தும் டி செல்கள் இருக்கின்றன. ஷிமோன் சகாகுச்சி 1995-இல் இனங்கண்ட இந்தச் செல்களுக்காக அவருக்கும் மேரி பிரன்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல் ஆகியோருக்கும் 2025-இன் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது. தாய் எலிகளில் இச்செல்களை நீக்கினால் அன்னிய மரபுடைய கருக்கள் நிலைப்பதில்லை என்பது 2004-இலேயே தெரிந்துவிட்டது. 2012-இல் சிங் சிங் வே குழுவினர் இன்னொரு படி முன்னே சென்றார்கள்: பிரசவத்துக்குப் பிறகும் சிசுவை அறிந்த ஒழுங்குபடுத்தும் செல்கள் தாயின் உடலில் தங்குகின்றன, அடுத்த கர்ப்பத்தில் விரைந்து பெருகுகின்றன. பிரீஎக்ளாம்ப்சியா முதல் கர்ப்பத்தில் அதிகமாக வருவதற்கும், தானமாகப் பெற்ற கருமுட்டையால் உண்டாகும், அதாவது தாய்க்கு முழுவதும் அன்னியமான கர்ப்பங்களில் அது மேலும் கூடுவதற்கும் இது பொருந்திவருகிறது.

ஒரே கர்ப்பத்தின் இரு நினைவுகள்

கர்ப்பம் சிசுவைப் பொறுத்துக்கொள்ளும் செல்களை நினைவாக விட்டுச்செல்கிறது என்றால், பிள்ளை பெற்ற தாய்க்கு அந்தப் பிள்ளையின் சிறுநீரகம் எளிதாகப் பொருந்த வேண்டுமே என்று யாருக்கும் தோன்றும். சிகாகோ பல்கலைக்கழகத்தில் அனிதா சாங் குழுவினர் எலிகளில் செய்து 2021-இல் வெளியிட்ட ஆய்வு இந்த முரணை நேராக எடுத்துக்கொண்டது. குட்டி ஈன்ற எலிகளுக்கு, அவற்றின் குட்டிகளோடு மரபில் ஒத்த இதயத்தைப் பொருத்தினார்கள். அந்தக் குட்டிகளை அறிந்த டி செல்கள் உண்மையிலேயே தளர்ந்துபோய், தாக்கும் திறனை இழந்திருந்தன. ஆயினும் இதயம் நிராகரிக்கப்பட்டது. காரணம், கர்ப்பத்தில் உருவாகியிருந்த எதிர்ப்பொருள்கள். எதிர்ப்பொருளைச் சுரக்க இயலாத எலிகளில் நிலைமை தலைகீழானது. கர்ப்பம் தந்த பொறுதி, அதாவது அன்னியத்தைத் தாக்காமல் ஏற்கும் தன்மை, வெளிப்பட்டு, இதயம் ஏற்கப்பட்டது. ஆக, தாயின் டி செல்கள் ஒன்றை நினைவில் வைத்திருக்கின்றன, எதிர்ப்பொருளை உருவாக்கும் பி செல்கள் அதற்கு நேர்மாறான ஒன்றை வைத்திருக்கின்றன. மாற்று உறுப்பு வரும்போது பி செல்களின் நினைவு முந்திக்கொள்கிறது.

அந்த எதிர்ப்பொருள்கள் கர்ப்பத்தின்போது சிசுவை ஏன் தாக்கவில்லை என்பதும் கேட்கவேண்டியதுதான். தாயின் ஐ.ஜி.ஜி. வகை எதிர்ப்பொருள்கள் நஞ்சுக்கொடியைக் கடக்கவே செய்கின்றன. ஆனால் நஞ்சுக்கொடியின் உள்திசுவில் சிசுவின் எச்.எல்.ஏ. நிறைந்திருப்பதால், எச்.எல்.ஏ.-வைக் குறிவைப்பவை பெரும்பாலும் வழியிலேயே உறிஞ்சப்பட்டுவிடுகின்றன. சிவப்பணுக்களின் மேலுள்ள ஆர்எச் புரதத்தைக் குறிவைக்கும் எதிர்ப்பொருளுக்கு அப்படி வழியில் தடுத்துநிறுத்தும் திசு இல்லை. அது நேரே சிசுவின் சிவப்பணுக்களைச் சென்றடைந்து அவற்றைச் சிதைக்கிறது. 1968 முதல் பயன்பாட்டுக்கு வந்த ஆன்டி-டி ஊசி இந்தக் கொடுமையைப் பெருமளவு ஒழித்தது. பிரசவமான 72 மணி நேரத்துக்குள் அதைப் போட்டுவிட்டால், தாயின் பி செல்கள் குழந்தையின் ஆர்எச் சிவப்பணுக்களை எதிர்க்கக் கற்றுக்கொள்வதே தடைபடுகிறது. கர்ப்பத்தால் உண்டாகும் எதிர்ப்பொருளை முன்கூட்டியே தடுக்க முடியும் என்பதற்கு மருத்துவத்தில் கண்கூடான சான்று இது. எச்.எல்.ஏ.-வுக்கு இதுபோன்ற தடுப்பு இல்லை. அதன் தீங்கு குழந்தையிடம் தெரியாமல், பல ஆண்டுகள் கழித்துத் தாயின் சிறுநீரக நோயில் தெரியவருவதால் அது அவசரமாகப் படவில்லையோ என்று எண்ணத் தோன்றுகிறது.

இதன் மறுபக்கமும் குறிப்பிடத்தக்கது. கருவில் இருந்தபோது தாயின் செல்களோடு பழகிய பிள்ளைக்கும் அந்தப் பழக்கம் பயன்படுகிறது. விஸ்கான்சினைச் சேர்ந்த வில்லியம் பர்லிங்காம் குழுவினர் 1998-இல் வெளியிட்ட ஆய்வில், உடன்பிறந்தவரின் சிறுநீரகத்தைப் பெற்றவர்கள் இரு பிரிவாகப் பார்க்கப்பட்டார்கள். கொடையாளரிடம் இருந்த, பெறுநருக்கு வாராத எச்.எல்.ஏ. தாய்வழி வந்ததாக இருந்தபோது பத்து ஆண்டுகளில் 77 சதவீதச் சிறுநீரகங்கள் வேலை செய்துகொண்டிருந்தன. தந்தைவழி வந்ததாக இருந்தபோது 49 சதவீதம் மட்டுமே.

உறுப்பு பெற்ற பிறகு கருவுறும் பெண்களிடம் இந்த இரு உலகங்களும் ஒரே உடலில் சேர்கின்றன. மாற்றுச் சிறுநீரகத்துடன் கருவுற்றவர்களைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2011-இல் வெளியான மதிப்பீட்டில், உயிருடன் குழந்தை பிறந்தது 73.5 சதவீதக் கர்ப்பங்களில். 27 சதவீதத்தில் பிரீஎக்ளாம்ப்சியா, 45.6 சதவீதத்தில் குறைப்பிரசவம். உறுப்பு நிராகரிப்பு 4.2 சதவீதத்தில் மட்டுமே. கருவைக் குலைக்கக்கூடிய மைக்கோபினோலேட் மருந்தைக் கருத்தரிப்புக்குக் குறைந்தது ஆறு வாரத்துக்கு முன்பே நிறுத்தி, அசாதயோபிரின், டாக்ரோலிமஸ், பிரெட்னிசோலோன் ஆகிய எதிர்ப்பை அடக்கும் மருந்துகளில் வைத்திருப்பது வழக்கம்.

கருப்பை மாற்று இன்னும் நெருக்கமான உதாரணம். சுவீடனின் கோதன்பர்க்கில் மாட்ஸ் பிரான்ஸ்ட்ரோம் தலைமையிலான குழுவின் முயற்சியில், மாற்றுக் கருப்பையில் வளர்ந்த முதல் குழந்தை 2014 செப்டம்பரில் பிறந்தது. கருப்பையைத் தந்தவர் 61 வயதுப் பெண். இங்கே கருப்பைச் சுவர் ஒருவருடையது, அதற்குள் வந்து சேரும் எதிர்ப்பு செல்கள் பெறுநருடையவை, உள்ளே வளரும் சிசு பாதி தந்தையுடையது. மருந்துகள் தொடர்ந்து தரப்பட்டன. நிராகரிப்பு எட்டிப்பார்க்கிறதா என்று கருப்பை வாயிலிருந்து சிறு துணுக்கு எடுத்துப் பார்க்கப்பட்டது. லேசான நிராகரிப்பு தோன்றியபோது ஸ்டீராய்டு கொடுத்து அடக்கினார்கள். கருப்பைச் சுவர் அந்த அளவு அன்னியமாக இருந்தும் நஞ்சுக்கொடி அதில் ஊன்றி வளர்ந்தது, எனக்குத் தெரிந்தவரை கர்ப்ப நோயெதிர்ப்பியல் பதில் சொல்லவேண்டிய மிகப் பெரிய வியப்பு.

இனி சிகிச்சையில் இது எங்கே கொண்டுபோய் விடும்? எதிர்ப்பொருள் மிகுந்த நோயாளிகளுக்கு இப்போது பிளாஸ்மா மாற்றம், இம்யூனோகுளோபுலின், பி செல்களை நீக்கும் மருந்துகள் ஆகியவை தரப்படுகின்றன. ஐ.ஜி.ஜி.-யைச் சில மணி நேரத்தில் துண்டித்துவிடும் இம்லிஃபிடேஸ் என்னும் பாக்டீரிய நொதிக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2020-இல் நிபந்தனை அனுமதி அளித்தது. ஆனால் அது ஏற்கெனவே உள்ள எதிர்ப்பொருளை அகற்றுமே தவிர, அதைச் சுரக்கும் செல்களைத் தொடாது. சில நாட்களில் அது மீண்டும் வரத் தொடங்கும். இதோடு சேர்த்து, இத்தகைய நோயாளிகளுக்கு அறுவையின்போது டி செல்களை வேரோடு அழிக்கும் வலுவான மருந்துகளையும் தருவது வழக்கம். ஒழுங்குபடுத்தும் செல்கள் உயிர்வாழத் தேவையான ஐ.எல்.-2 என்னும் புரதம் சுரப்பதை டாக்ரோலிமஸ் குறைக்கிறது. சிகாகோ ஆய்வு மனிதருக்கும் பொருந்துமானால், தன் பிள்ளையிடமோ கணவரிடமோ உறுப்பு பெறும் தாய்க்கு இந்த முறை, காக்கவேண்டிய டி செல் பொறுதியைச் சிதைத்துவிட்டு, அகற்றவேண்டிய பி செல் நினைவை விட்டுவைக்கக்கூடும். இரத்தம் ஏற்றியதாலோ முந்தைய மாற்று உறுப்பாலோ எதிர்ப்பொருள் பெற்றவருக்கும், கர்ப்பத்தால் பெற்றவருக்கும் ஒரே மருந்துத் திட்டம் பொருந்தாது என்று இதிலிருந்து ஊகிக்க இடமிருக்கிறது. அதைச் சோதித்துப் பார்க்கும் ஆய்வுகளுக்கு முதலில் வேண்டியது பதிவேடுகளில் ஒரு மாற்றம்: எதிர்ப்பொருளின் அளவோடு, அது எந்த வழியில் வந்தது, எத்தனை கர்ப்பங்கள், அவற்றில் எத்தனை பிரசவம், எத்தனை கருச்சிதைவு, தந்தையின் எச்.எல்.ஏ. என்ன என்பவையும் ஒவ்வொரு பெண் நோயாளிக்கும் தனித்தனியே குறிக்கப்பட வேண்டும்.